ஒரு நாள் பயணம், எண்பத்தெட்டு சென்ட் வாடகை

(நம் சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மூன்று மாதம் ஜெர்மனியில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அரை மணி நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். பனிமலை, கோட்டை, ஏரி, இதெல்லாம் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீங்களும் கட்டைவிரலைக் காட்டிவிட்டீர்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். இன்று ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அன்று போன ஊரை யாரும் டூர் லிஸ்டில் சேர்ப்பதில்லை. பெயர் அவுக்ஸ்பர்க். மகன் இருக்கும் மியூனிக்கிலிருந்து வடமேற்கே ரயிலில் முக்கால் மணி நேரம்.

அன்று வார நாள். மகன், மருமகள் இருவருக்கும் ஆபீஸ். நானும் என் மனைவியும் மட்டும் கிளம்பினோம். மகன் ஒரு தாளில் பிளாட்பாரம், ரயில் புறப்படும் நேரம், திரும்பும் ரயில் எல்லாம் எழுதிக் கொடுத்து, "அப்பா, தொலைஞ்சு போயிட்டா போன் பண்ணுங்க" என்றான். முப்பத்தாறு வருடம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு ரூபாய் தொலைக்காதவன் நான். சிரித்துக்கொண்டேன். அங்கே பவேரியா மாநிலம் முழுவதும் ஒரு நாள் செல்லுபடியாகும் டிக்கெட் ஒன்று உண்டு. வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும். வேகமான ரயில்களில் ஏற முடியாது. பென்ஷன்காரர்களுக்கு அவசரம் என்ன? அதில்தான் போனோம். மனைவி புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்து வந்தாள்.

அவுக்ஸ்பர்க் ஜெர்மனியின் மிகப் பழைய ஊர்களில் ஒன்று. கி.மு. 15இல் ரோமானியர்கள் போட்ட படைமுகாமிலிருந்து வளர்ந்தது. அகஸ்டஸ் சக்ரவர்த்தியின் பெயர்தான் மருவி இன்றைய பெயராகியிருக்கிறது. நடுவில் பெரிய சதுக்கம், அதில் எலியாஸ் ஹோல் என்ற கட்டடக் கலைஞர் 1615இல் கட்டத் தொடங்கிய நகர மன்றம், பக்கத்தில் உயரமான மணிக்கூண்டு. நகர மன்றத்தில் தங்க மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. 1944இல் குண்டு வீச்சில் எரிந்துபோனதைத் திரும்பப் பழையபடியே செய்திருக்கிறார்கள். ஊருக்குள் வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் ஓடுகிறது. அந்த நீர் மேலாண்மைக்காகவே 2019இல் யுனெஸ்கோ இந்த ஊரைப் பட்டியலில் சேர்த்தது. மோட்சார்ட்டின் அப்பா பிறந்த ஊர் இது. டீசல் என்கிறோமே, அந்த ருடால்ஃப் டீசல் தன் முதல் இஞ்சினைச் செய்து ஓட்டிக் காட்டியதும் இங்கேதான். நம் ஜெனரேட்டர் ரூமுக்கு மூலஸ்தானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் பார்த்தாகிவிட்டது. நான் போனது வேறொன்றுக்காக.

பி.காம். படிக்கும்போது கணக்குப் பதிவியல் வரலாற்றில் இத்தாலிய வணிகர்கள் வருவார்கள், இரட்டைப் பதிவு முறை வரும். ஜெர்மனியில் ஃபுக்கர் என்று ஒரு வங்கிக் குடும்பம் என்று ஒரு வரி வரும். பரீட்சைக்கு வராது என்று வாத்தியார் தாண்டிவிட்டார். நாற்பத்தைந்து வருடம் கழித்து அந்த ஒரு வரியின் ஊருக்குப் போய் இறங்கினேன்.

ஃபுக்கர் குடும்பத்தின் மூதாதை ஹான்ஸ் 1367இல் இந்த ஊருக்கு வந்த நெசவாளி. அவருடைய பேரன் யாக்கோப் ஃபுக்கர், 1459இல் பிறந்தவர், 1525இல் இறந்தவர். வெனிஸ் போய்த் தொழில் கற்றார். டிரோல் மலைகளின் வெள்ளி, ஹங்கேரியின் செம்பு இரண்டிலும் காலூன்றினார். சுரங்கம் வைத்திருந்த மன்னர்களுக்குக் கடன் கொடுப்பார். வட்டியும் அசலும் பணமாக வராது, வெட்டியெடுக்கும் வெள்ளியாக வரும். நாம் நகைக் கடன் கொடுத்தோம், அவர் நாட்டுக் கடன் கொடுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம். 1519இல் ஸ்பெயின் மன்னர் சார்லஸைப் பேரரசராகத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட வேண்டியவர்களுக்குக் கொடுத்த பணம் ஏறக்குறைய எட்டரை லட்சம் குல்டன். அதில் ஐந்து லட்சத்துக்கு மேல் ஃபுக்கர் கொடுத்தது. ஓட்டுக்குப் பணம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடம் கழித்துப் பணம் வரவில்லை என்றதும் அந்தப் பேரரசருக்கே ரிமைண்டர் கடிதம் எழுதினார் மனிதர். நான் இல்லாவிட்டால் உங்களுக்கு அந்தக் கிரீடம் ஏது என்ற தோரணையில். ரிகவரி டிபார்ட்மென்டில் இருந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் எழுந்து நின்று கும்பிடலாம்.

நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1505இல் போர்ச்சுகலிலிருந்து அல்மெய்தா தலைமையில் இந்தியாவுக்குக் கிளம்பிய கப்பல்களில் மூன்று கப்பல்களுக்கு ஜெர்மன் வணிகர்கள் முதல் போட்டார்கள். முக்கியப் பங்கு அவுக்ஸ்பர்க்கின் வெல்சர் குடும்பத்துடையது. ஃபுக்கரும் ஒரு பங்கு போட்டார். மலபார் கரையில் கண்ணூர், கொச்சி மிளகு அந்தப் பணத்தில்தான் ஏறிப் போனது. வெல்சர்களின் ஆள் ஒருவர் கூடவே போய்த் திரும்பி, பயணத்தை எழுதி அச்சிட்டார். இந்த ஊர் ஓவியர் ஹான்ஸ் புர்க்மயர், கொச்சி ராஜாவின் ஊர்வலத்தை நேரில் பார்க்காமலே மரக்கட்டையில் செதுக்கினார்.

இனி என் சொந்த விருப்பம் ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபுக்கரின் தலைமைக் கணக்கர் மத்தேயுஸ் ஷ்வார்ட்ஸ். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். கணக்கு படிக்க இத்தாலி போய் வந்து, 1518இல் கணக்குப் பதிவு பற்றி ஒரு கையேடு எழுதினார். அவரும் ஃபுக்கரும் ஆபீஸில் இருக்கும் படம் ஒன்று உண்டு. அதன் நகலை அங்கே பார்த்தேன். முதலாளி நிற்கிறார். கணக்கர் உட்கார்ந்து பேரேட்டில் எழுதுகிறார். பின்னால் ஒரு அலமாரி, ஒவ்வொரு இழுப்பறையிலும் ஒரு ஊர்ப் பெயர்: ரோம், வெனிஸ், கிராக்கோவ், மிலான், இன்ஸ்புருக், நியூரம்பர்க், லிஸ்பன். அதாவது பிராஞ்ச் வாரியாக ஃபைல். என்னால் அந்தப் படத்தை விட்டு நகர முடியவில்லை. "உங்க படம் மாதிரியே இருக்கு, அவருக்கு மட்டும் முடி இருக்கு" என்றாள் மனைவி.

அந்தக் கணக்கர் இன்னொரு வேலையும் செய்தார். வாழ்நாள் முழுக்கத் தான் போட்ட உடைகளை ஓவியர்களைக் கொண்டு வரையவைத்து ஒரு புத்தகமாகச் சேர்த்தார். நூற்று முப்பத்தேழு படங்கள். கிளார்க்குகளுக்கு ரசனை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சதுக்கத்திலிருந்து கிழக்கே இறங்கி, வாய்க்கால்களைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு மதில் சுவர், ஒரு வாசல். உள்ளே போனால் தெருத் தெருவாக மஞ்சள் அடித்த ஒரே மாதிரி வீடுகள், பச்சைக் கதவுகள், சுவரில் படர்ந்த கொடிகள். இதன் பெயர் ஃபுக்கராய். ஏழைகளுக்காக யாக்கோப் ஃபுக்கர் கட்டிய குடியிருப்பு. 1516இல் வேலை தொடங்கி, 1521 ஆகஸ்டில் அறக்கட்டளைப் பத்திரம் எழுதினார். இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். உலகிலேயே இன்னும் நடந்துகொண்டிருக்கும் மிகப் பழைய சமூகக் குடியிருப்பு இதுதான் என்கிறார்கள். அறுபத்தேழு வீடுகள், நூற்று நாற்பது குடித்தனங்கள், சுமார் நூற்றைம்பது பேர். நம் வளாகத்தைவிடச் சின்னது.

வாடகை வருடத்துக்கு ஒரு ரைன் குல்டன் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. அன்று அது ஒரு கைத்தொழிலாளியின் ஒரு வாரக் கூலி. அந்தத் தொகையை ஏற்றவே இல்லை. இன்றைய கணக்கில் எண்பத்தெட்டு சென்ட். நம் பணத்தில் நூறு ரூபாய்க்கும் கீழே. மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு! ஹீட்டர், கரண்ட் போன்ற செலவுகளை மட்டும் குடியிருப்பவர்கள் தனியாகக் கட்டவேண்டும். மெயின்டனன்ஸை யாராலும் தப்ப முடியாது போலிருக்கிறது.

பார்க்க வந்த எங்களுக்கு டிக்கெட் உண்டு. ஒரு ஆள் டிக்கெட்டே அங்கே குடியிருப்பவரின் பல வருட வாடகை. கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. அந்தப் பணமும் அறக்கட்டளைக்குத்தான் போகிறது என்று தெரிந்தபின் சரியாகிவிட்டது.

யாருக்கு இடம் கிடைக்கும்? அவுக்ஸ்பர்க் வாசியாக இருக்கவேண்டும், கத்தோலிக்கராக இருக்கவேண்டும், வருமானம் குறைந்தவராக இருக்கவேண்டும், கடன் இருக்கக் கூடாது. வாடகையோடு இன்னொரு கடமையும் உண்டு. தினமும் மூன்று பிரார்த்தனைகளை நிறுவனருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் சொல்லவேண்டும். இரவு பத்து மணிக்கு வாசல் மூடிவிடும். அதற்குமேல் வந்தால் காவலருக்கு ஐம்பது சென்ட், நள்ளிரவு தாண்டினால் ஒரு யூரோ. நம் செக்யூரிட்டிக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு வீட்டை உள்ளே போய்ப் பார்க்க வைத்திருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரருக்குப் பின்னால் சின்னத் தோட்டம், மாடி வீட்டுக்காரருக்கு மேலே பரண். ஒவ்வொரு வீடும் அறுபது சதுர மீட்டர் அளவு, அதாவது அறுநூற்றைம்பது சதுர அடி. முக்கியமானது இது: மாடி வீட்டுக்கும் தெருவிலிருந்தே தனிக் கதவு. ஐநூறு வருடத்துக்கு முன் ஏழைக்குக் கட்டிய வீட்டில் தனி வாசல். கதவுக்குப் பக்கத்தில் மணியடிக்க இழுக்கும் இரும்புப் பிடி. ஒன்று இலை வடிவம், ஒன்று பைன் காய் வடிவம், இப்படி வீட்டுக்கு வீடு வேறு. தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் கையால் தடவி அவரவர் வீட்டைக் கண்டுபிடிக்கவாம். மோட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா ஃபிரான்ஸ் மோட்சார்ட் ஒரு கொத்தனார். நொடித்துப்போய் 1681இல் இங்கே குடிவந்து, சாகும்வரை இருந்தார். அந்த வீட்டில் பலகை வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஜன்னலில் வயதான பெண்மணி ஒருவர் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கைந்து பேர் போனைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். "நம்ம வீட்டை இப்படி எட்டிப் பார்த்தா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டாள் மனைவி. போனைப் பைக்குள் போட்டேன். அந்த அம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

வங்கிக்காரனுக்கு வரும் கேள்வி எனக்கும் வந்தது. ஐநூறு வருடமாக எப்படி நடக்கிறது? ஃபுக்கரின் கம்பெனியே இன்று இல்லை. ஸ்பெயின் அரசு திரும்பத் திரும்பத் திவாலாகி, கடனெல்லாம் வாராக்கடனாகி, பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் கம்பெனி மூடிவிட்டது. தர்மத்தின் பணத்தைக் கம்பெனிப் பணத்தோடு கலக்காமல் வைத்ததால் ஃபுக்கராய் பிழைத்தது. பத்திரம் எழுதுவதற்குப் பத்து வருடம் முன்பே, ஊரின் காவல் தெய்வம் போன்ற புனித உல்ரிக் பெயரில் பேரேட்டில் ஒரு கணக்குத் திறந்து பதினைந்தாயிரம் குல்டன் வரவு வைத்திருக்கிறார்கள். கற்பனை செய்து பாருங்கள், கணக்கு வைத்திருப்பவர்: ஒரு சாமியார், இறந்து ஐநூறு வருடத்துக்கு மேலாகிறது. கே.ஒய்.சி. எப்படி வாங்கினார்களோ! பின்னாளில் அறக்கட்டளை தன் பணத்தைக் காடுகளில் போட்டது. இன்றும் முக்கிய வருமானம் மரத்திலிருந்து வருகிறது. மரம் சேர்மார்க்கெட் போலக் குதிக்காது, ஆனால் ராத்திரியிலும் வளரும்.

1944 பிப்ரவரி 25 இரவு குண்டு விழுந்து குடியிருப்பின் பெரும்பகுதி இடிந்தது. குடியிருந்தவர்கள் ஒளிந்திருந்த பதுங்கு குழியை இன்று காட்சிசாலையாக்கியிருக்கிறார்கள். சில நாட்களுக்குள், போர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே, திரும்பக் கட்டுவது என்று குடும்பத்தார் முடிவெடுத்தார்கள். நம் வளாகத்தில் லிஃப்ட் மாற்ற முடிவெடுக்க எத்தனை கூட்டம் போட்டோம் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஃபுக்கரைப் பெரிய தர்மாத்மா என்று சொல்ல நான் வரவில்லை. பேராயர் பதவிக்காக ரோமுக்குக் கட்டவேண்டிய பணத்தை ஆல்பிரெக்ட் என்பவருக்கு இவர்தான் கடனாகக் கொடுத்தார். அந்தக் கடனை அடைக்க, பாவமன்னிப்புச் சீட்டு விற்ற பணத்தில் பாதி இவர் கைக்கு வந்தது. அந்தச் சீட்டு விற்பனையை எதிர்த்துத்தான் 1517இல் மார்ட்டின் லூதர் கிளம்பினார். அடுத்த வருடம் அவரை விசாரித்ததும் இதே ஊரில், இதே ஃபுக்கரின் மாளிகையில். செம்பு வணிகத்தில் ஏகபோகம் என்று வழக்கே வந்தது. ஃபுக்கரின் சமாதி இருக்கும் புனித அன்னா தேவாலயம் அவர் இறந்த அந்த மாதமே லூதர் பக்கம் சாய்ந்தது. இன்றும் அது புராட்டஸ்டண்ட் கோயில், அதற்குள் கத்தோலிக்கரான ஃபுக்கரின் சமாதி. தன் ஆத்மாவுக்காக ஏழைகளை ஜெபிக்கச் சொன்னது மறுமைக்குப் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட் என்று யாராவது சொன்னால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் பத்திரத்தில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. யாருக்காக இந்த வீடுகள்? உழைத்தும் நொடித்துப்போன கூலியாட்கள், கைத்தொழிலாளிகள். அதிலும் வெளிப்படையாகப் போய்ப் பிச்சை கேட்காதவர்கள். அக்கால ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் பிச்சை வாங்க அனுமதி பெற்றவர் சட்டையில் ஒரு வில்லை குத்திக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே! அந்த வில்லையைக் குத்திக்கொள்ள முடியாதவர்களுக்குத்தான் இந்த இடம். அதனால்தான் சும்மா கொடுக்காமல் ஒரு குல்டன் வாடகை. வாடகை கட்டினால் அவர் குடித்தனக்காரர். தனிக் கதவு, தனி மணி.

வெளியே வந்து வாய்க்கால் ஓரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். மனைவி பாதி சாப்பாட்டில், "எனக்கு நம்ம நோட்டீஸ் போர்டு ஞாபகம் வருதுங்க" என்றாள். எனக்கும் அதுதான் வந்திருந்தது, சொல்லத் தைரியம் வரவில்லை.

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். போன வருடம் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர்களின் பட்டியலை லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். பிளாட் நம்பர், பெயர், எத்தனை மாதம், எவ்வளவு தொகை. அதை ஒட்டலாம் என்று கமிட்டி முடிவு செய்தது உண்மை. யோசனை சொன்னது நான். டைப் அடித்ததும் நான். பாக்கித் தொகையின் இறங்கு வரிசையில் அடித்தேன், அதிகப் பாக்கி மேலே இருக்கட்டும் என்று. வங்கியில் அப்படித்தான் போடுவோம். இரண்டு வாரத்தில் பாதிக்கு மேல் வசூலாகிவிட்டது. கமிட்டியில் எனக்குப் பாராட்டு.

அந்தப் பட்டியலில் இருந்த ஒருவர் சாயங்காலம் கீழே நடக்க வருவதை நிறுத்திவிட்டார். யார் என்று சொல்ல மாட்டேன், நீங்களும் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டாம். என் மனைவிக்குத்தான் முதலில் தெரிந்தது. "அவங்க இப்ப எல்லாம் படியிலேயே இறங்கிப் போறாங்க, லிஃப்ட் பக்கம் வர்றதில்லை" என்றாள். முழங்கால் வலிக்காரர். நான் அப்போது சொன்ன பதில், "பணத்தைக் கட்டினா லிஃப்ட்ல போகலாமே." இதைச் சொன்னவன் நான்தான். வாழ்நாள் முழுக்க கவுண்டரில் பென்ஷன் வாங்க வந்த கைம்பெண்களிடம் மெதுவாகப் பேசுகிறவன் என்று பெயர் வாங்கியவன்.

பாக்கியை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. பாக்கி பாக்கிதான். ஃபுக்கராயிலும் சும்மா யாரும் இருக்க முடியாது, கடன்காரருக்கு உள்ளே இடமே கிடையாது. நம் சங்கத்துக்கும் தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, செக்யூரிட்டி சம்பளம் எல்லாம் கட்டியாக வேண்டும். நான் கேட்பது பணம் வசூலிக்க சட்டையில் வில்லை குத்த வேண்டுமா என்பதை மட்டும்தான்.

திரும்பும் ரயிலில் மகன் கொடுத்த தாளின் பின்பக்கம் ஒரு தீர்மானம் எழுதினேன். மூன்று அம்சம். பாக்கிப் பட்டியல் இனி நோட்டீஸ் போர்டிலோ வாட்ஸ்அப் குரூப்பிலோ வராது, பாக்கி உள்ளவருக்கு மட்டும் மூடிய கவரில் கடிதம் போகும். கஷ்டம் என்று எழுதிக் கொடுப்பவருக்குப் பொருளாளரும் இன்னொருவரும் மட்டும் பார்த்துத் தவணை கொடுக்கலாம். பேரேட்டில் அவர் பிளாட் நம்பர் மட்டும் இருக்கும். கார்பஸ் ஃபண்டின் வட்டியில் ஒரு சிறு பகுதியைத் தனிக் கணக்காக வைத்து, உண்மையிலேயே முடியாதவர்களின் தவணைக்கு அதிலிருந்து ஈடுகட்டலாம், பிறகு அவர்கள் கட்டும்போது அதிலேயே வரவு வைக்கலாம். அந்தக் கணக்குக்கு என்ன பெயர் வைப்பது என்று மனைவியிடம் கேட்டேன். "பேர் எதுக்குங்க, நம்பர் போதும்" என்றாள்.

அந்தப் படிக்கட்டுக்காரரை நான் போய்ப் பார்த்தேன். ஊருக்கு வந்த மறுநாளே போனேன். மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார். பட்டியலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் அதற்குமேல் பேசவில்லை. இன்னமும் படியில்தான் இறங்குகிறார்.

தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. நகல் ஆபீஸில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். திருத்தம் இருந்தால் எழுதிக் கொடுங்கள், தொகைகளில் எனக்கே இரண்டு இடத்தில் சந்தேகம் இருக்கிறது. முன்மொழிபவன் நான். வழிமொழிய ஒருவர் வேண்டும்.